மாப்பிள்ளை போட்ட குழாய்

முதல் சொட்டு கேக் அக்காவின் புறங்கையில் விழுந்தது. காலை மணி பத்தே முக்கால். கையில் கிரீம் பை இருந்தது. எதிரே மேசைமேல், சாயங்காலம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடுநாயகமாக நிற்க வேண்டிய கேக் இருந்தது. அடி அடுக்கும் நடு அடுக்கும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நின்றுவிட்டன. சின்ன உச்சி அடுக்கு ஃப்ரிட்ஜுக்குள் காத்திருந்தது. இன்னும் நாற்பது ரோஜா போட வேண்டும். நாலு மணிக்கு வண்டி வந்துவிடும். அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். சுவரில் இருந்த ஏசியின் உதட்டோரத்தில் அடுத்த சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

"இன்னிக்குத்தானா உனக்கு?" என்று அதனிடம் கேட்டாள்.

சொட்டு விழுந்தது. அதன் பின்னால் இன்னொன்று. காற்று அடித்த வேகத்தில் சில துளிகள் பறந்து வந்து மேசை விரிப்பில் தெறித்தன. மேசையை இழுத்துப் போடலாம் என்றால் அறையில் இடம் இல்லை. ஒரு பக்கம் ஓவன், மறுபக்கம் மாவு டப்பா அலமாரி. கதவுக்குப் பின்னால் தொங்கிய கறுப்புக் குடையை எடுத்து விரித்து, அலமாரிக் கம்பியில் கட்டி, கேக்கின் தலைக்கு மேல் நிறுத்தினாள்.

சத்தம் கேட்டு மாமியார் எட்டிப் பார்த்தார்.

"வீட்டுக்குள்ள யாராவது குடை விரிப்பாங்களா?"

"மழை வீட்டுக்குள்ள பெய்யுதே, அத்தை."

மாமியார் ஏசியைப் பார்த்தார், குடையைப் பார்த்தார், கடைசியாக மருமகளைப் பார்த்தார். சொல்ல வேண்டியதைப் போன மாதமே இரண்டு பேரும் சொல்லி முடித்துவிட்டார்கள்.

அந்த அறைக்கு ஒரு வரலாறு உண்டு. அது 'மாப்பிள்ளை ரூம்'. மாமியாருடைய ஒரே மகளைக் கட்டிய மாப்பிள்ளை, மாதத்தில் இரண்டு சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வருவார். சாப்பிட்டு ஒரு தூக்கம் போடுவார். அந்தத் தூக்கத்துக்காக ஒரு அறை, அந்த அறைக்காக ஒரு ஏசி. 'மாப்பிள்ளைக்கு வேர்க்கும்' என்பது அந்த வீட்டில் யாரும் மறுத்துப் பேச முடியாத சட்டம். மாதத்தில் மிச்சம் இருபத்தெட்டு நாளும் அறை பூட்டியே கிடந்தது. போன வருஷம் கேக் அக்காவின் புருஷன் அம்மாவிடம் கெஞ்சிக் கூத்தாடி, அந்த இருபத்தெட்டு நாளுக்கு மட்டும் அறையை வாங்கிக் கொடுத்தார். கிரீம் வெயிலில் நிற்காது, ஏசி இல்லாமல் கேக் வேலை நடக்காது. மாப்பிள்ளை வரும் சனிக்கிழமைகளில் அவள் ஆர்டர் எடுக்க மாட்டாள். டப்பாக்களை ஓரம் கட்டி, கட்டிலை விரித்து வைத்துவிடுவாள். ஒரு வருஷமாக அவள் அந்த அறையில் குடியிருந்தது இப்படித்தான், கால்வாசி விருந்தாளியாக.

அப்புறம் ஏசி ஒழுக ஆரம்பித்தது. போன மாதம் ஒரு பிறந்தநாள் கேக்கின்மேல் சொட்டி, குழந்தையின் பெயரைப் பாதி கரைத்துவிட்டது. "பேசாம இதை விட்டுடும்மா, ரூம் ரூமா இருக்கட்டும்," என்றார் மாமியார். அதோடு அவள் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? "அடுத்த மாசம் கல்யாண கேக் வருது. அதுல ஒரு சொட்டுத் தண்ணி பட்டா நானே சாவியை உங்க கையில தந்துடறேன்," என்று கோபத்தில் சொல்லிவிட்டாள். மாமியார் அதைக் காதில் வாங்கி, முடிந்து வைத்துக்கொண்டார். கல்யாணமோ மாப்பிள்ளை வரும் சனிக்கிழமையில் வந்து விழுந்தது.

ஆக, இன்றைக்குக் குடைக்குக் கீழே நின்றது கேக் மட்டும் இல்லை. அறையும் நின்றது. அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வேலையை 'என் வேலை' என்று சொல்லிக்கொண்ட அந்த ஒரு வருஷமும் சேர்ந்து நின்றது.

புருஷனுக்கு போன் போட்டாள். அவர் பஸ் டிரைவர். வண்டி ஓடும்போது எடுக்க மாட்டார், எடுக்கவும் கூடாது. மெக்கானிக்குக்குப் போட்டாள்.

"அக்கா, நான் பத்தாவது மாடியில தொங்கிட்டிருக்கேன். திங்கக்கிழமை வரேன்."

"மூணு தடவை வந்துட்டுப் போனீங்களே. ஒவ்வொரு தடவையும் பத்து நாள்தான் தாங்குது."

"மிஷின் பழசுக்கா. மாத்திடுங்க."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நாலு வருஷ மிஷின் பழசாம். அவள் போனை வைத்துவிட்டு, மெயின் சுவிட்சை இறக்கினாள். ஏசி நின்றது, சொட்டுவது மட்டும் நிற்கவில்லை. திரைகளை இழுத்து மூடினாள். அறையில் இருக்கும் குளிர் ஒரு மணி நேரம் தாங்கும், அதற்குமேல் ரோஜாக்கள் தலை தொங்கிவிடும். அந்த ஒரு மணி நேரம்தான் அவள் கையில் இருந்தது.

முக்காலியில் ஏறி ஏசியின் மூடியைத் திறந்தாள். தூசி வடிகட்டும் வலை இரண்டும் வெள்ளையாக இருந்தன. தூசி சாம்பல் நிறத்தில் அல்லவா இருக்கும்? விரலால் தடவி மோந்து பார்த்தாள். பொடித்த சர்க்கரை. அவள் தினமும் சலிக்கும் ஐசிங் சர்க்கரைதான், காற்றில் ஏறி இங்கே வந்து குடியிருந்தது. வலைகளைக் கழற்றிவிட்டு உள்ளே டார்ச் அடித்தாள். குளிர்ந்த கம்பிகளிலிருந்து வடியும் நீரைப் பிடிக்க அடியில் ஒரு நீளத் தட்டு இருக்கிறது. அந்தத் தட்டின் மூலையில் இருக்கும் ஓட்டை வழியாகத்தான் தண்ணீர் குழாயில் இறங்கி, சுவரைத் தாண்டி, கொல்லைக்குப் போக வேண்டும். தட்டு விளிம்பு வரை நிரம்பி நின்றது. ஓட்டையில் சுண்டுவிரலை விட்டாள். வழவழவென்று ஏதோ மாட்டியது. வெளியே எடுத்தால் பழுப்பு நிறப் பாசி, புளித்த சர்க்கரைப் பாகு வாசனை.

அவளுக்கு முகம் சுருங்கிப்போனது. மூன்று மாதமாக மெக்கானிக்கைத் திட்டினாள், மிஷினைத் திட்டினாள், மனசுக்குள் மாப்பிள்ளையைக்கூடத் திட்டினாள். பாசிக்குத் தீனி போட்டு வளர்த்தவள் அவளேதான். வெட்கமாக இருந்தது, அழுகைகூட வந்தது. ஆனால் அழுதால் கிரீம் கெட்டிப்படுமா? மூக்கை உறிஞ்சிக்கொண்டு கொல்லைக்கு நடந்தாள்.

கொல்லைச் சுவரில் ஏசிக் குழாய் இறங்கும் இடத்தில் எறும்பு ஒன்றன்பின் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தது. குழாய் தரைக்கு வந்து, அங்கிருந்து வளைந்து மேலே ஏறி, ஒரு பெரிய பெயிண்ட் வாளியின் விளிம்பைத் தாண்டி, உள்ளே தண்ணீரில் அடிமட்டம் வரை மூழ்கிக் கிடந்தது. மிதந்து மேலே வந்துவிடாமல் ஒரு செங்கல்லும் கட்டியிருந்தது. இந்தக் கைவேலை மாப்பிள்ளையுடையது.

மாப்பிள்ளை குடிநீர் வாரியத்தில் அதிகாரி. வாரியத்தில் அவர் பார்ப்பது ஊழியர்களின் லீவு விண்ணப்பங்களை என்றாலும், தண்ணீர் சம்பந்தப்பட்ட எதற்கும் இந்தக் குடும்பத்தில் அவர்தான் தீர்ப்பு. நாலு மாதத்துக்கு முன்னால், ஒரு மதியத் தூக்கத்தில் அவர் காதில் எறும்பு கடித்துவிட்டது. எழுந்தவர் நேராகக் கொல்லைக்கு வந்தார், எறும்பு குழாய் வழியாக ஏறுவதைக் கண்டுபிடித்தார். "சர்க்கரை டப்பாவைத் தண்ணித் தட்டுல வைக்கிறோம்ல? அதே தத்துவம்தான்," என்று சொல்லி, குழாய்க்கு ஒரு நீட்டல் துண்டு போட்டு வாளித் தண்ணீரில் முக்கினார். மாமியார் பூரித்துப்போனார். எறும்பு குழாயை விட்டுவிட்டுச் சுவர் வழியாக ஏற ஆரம்பித்தது. அதை யாரும் மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை.

அதற்கப்புறம் மெக்கானிக் வந்த மூன்று தடவையும் மாமியார் கொல்லைக் கதவில் காவல் நின்றார். "அந்தக் குழாயை வெட்டிக் கிட்டி வச்சுடாதீங்க. அது மாப்பிள்ளை போட்டது." மெக்கானிக்கும் புத்திசாலி, பெரிய இடத்துப் பொல்லாப்பு எதற்கு என்று, குழாய் நுனியை எடுத்து மிஷினால் உள்பக்கமாகக் காற்றை ஊதிவிட்டு, இருந்தது இருந்தபடியே வாளியில் முக்கி வைத்துவிட்டுப் போனார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். அந்த வீட்டில் இன்னொரு விதியும் உண்டு. மாப்பிள்ளை உடைத்தால் குடம் உடையவே இல்லை.

கேக் அக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்து செங்கல்லை அவிழ்த்தாள். குழாய் நுனியைத் தண்ணீருக்கு மேலே தூக்கித் தாழ்வாகப் பிடித்தாள். உள்ளே 'களக்' என்று ஒரு சத்தம்; பழுப்புத் தண்ணீர் கொஞ்சமாக வழிந்தது. நுனியை மறுபடி தண்ணீரில் முக்கினாள். நின்றுவிட்டது. மேலே எடுத்தாள். வழிந்தது. முக்கினாள். நின்றது. எண்ணெய்ப் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தால் எண்ணெய் சட்டென்று வராது. உள்ளே காற்று போக வழி கிடைத்தால்தான் வரும். இந்தக் குழாய்க்கு இரண்டு பக்கமும் வாயைப் பொத்தியாயிற்று. மேலே சர்க்கரைப் பாசி, கீழே வாளித் தண்ணீர், நடுவில் காற்று மாட்டிக்கொண்டு தவிக்கிறது. போதாக்குறைக்கு வாளி விளிம்பில் ஏறுவதற்காக வளைத்த இடத்தில் பாசி தொட்டில் கட்டித் தூங்குகிறது.

மெக்கானிக் செய்த தப்பும் அப்போது விளங்கியது. கிரீம் பையின் நுனி அடைத்துக்கொண்டால், பின்னாலிருந்து அழுத்துகிறவள் கற்றுக்குட்டி. பை வெடித்துவிடும், அல்லது கட்டி இன்னும் உள்ளே போய் உட்காரும். நுனிப் பக்கமிருந்து இழுத்து எடுக்க வேண்டும். இந்த ஆள் கீழேயிருந்து ஊதி ஊதி, பாசியைத் திரும்பத் தட்டுக்கே அனுப்பி வைத்திருக்கிறார். பத்து நாளில் அது சாவகாசமாக இறங்கி வந்துவிடுகிறது.

அவள் எழுந்து உள்ளே போனாள். கேக்கை இரண்டு தட்டாக அறுக்கும் நீளமான பல் கத்தியை எடுத்துக்கொண்டு வந்தாள். வாசலில் மாமியார் நின்றார்.

"கத்தியோட எங்க கிளம்பிட்ட?"

"குழாயை வெட்டப் போறேன், அத்தை."

"அது மாப்பிள்ளை போட்டதும்மா."

"தெரியும். அதனாலதான் தண்ணி இறங்கல."

மாமியாரின் கை நெஞ்சுக்குப் போய்விட்டது. "மாப்பிள்ளை ஒரு மணிக்கு வந்துடுவார். ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய். போன் போடு."

போட்டாள். மாப்பிள்ளை வழியில் இருந்தார். முழுசாகக் கேட்காமலே பதில் வந்தது. "தொடாதீங்கம்மா. அது ஒரு கணக்குல போட்டிருக்கேன். நான் வந்து பாத்துக்கறேன்."

"அண்ணே, ஒரு மணிக்கு கேக் சரிஞ்சிருக்கும்."

"ஃபேன் போட்டு வைங்க," என்றார் அவர். அத்துடன் வைத்துவிட்டார்.

அவள் மாமியாரைப் பார்த்தாள். கத்தியைக் கீழே வைத்தாள். "அத்தை, ஒரே ஒரு நிமிஷம் உக்காருங்க. இதைப் புடிங்க." குழாய் நுனியை அவர் கையில் கொடுத்தாள். "தண்ணிக்குள்ள முக்குங்க. ம், இப்ப வெளிய எடுங்க. மறுபடியும் முக்குங்க."

மாமியார் வேண்டாவெறுப்பாக முக்கினார். எடுத்தார். வழிந்தது. முக்கினார். நின்றது. மூன்றாவது தடவை யாரும் சொல்லாமலே அவராக எடுத்துப் பார்த்தார். முப்பத்தைந்து வருஷம் சமையலறையை ஆண்ட பெண்மணி. வடிகட்டிக்கும் புனலுக்கும் தெரிந்த நியாயம் அவருக்குத் தெரியாதா? நுனியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கேக் அக்கா ஒரு வார்த்தையும் கூடப் பேசவில்லை. அந்த நேரத்தில் பேசியிருந்தால் காரியம் கெட்டிருக்கும்.

"எந்த இடத்துல வெட்டணும்?" என்று கடைசியில் மாமியார் கேட்டார்.

"வளையறதுக்கு முன்னாடி. தரைக்கு ஒரு முழம் மேல."

"கோணலா வெட்டிடாத," என்றார் மாமியார். குழாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

பல் கத்தி நாலு இழுப்பில் குழாயை அறுத்தது. மாப்பிள்ளை போட்ட நீட்டல் துண்டு தரையில் விழுந்தது. ஆனால் தண்ணீர் கொட்டவில்லை. மேலே அடைத்தது அடைத்தபடியே இருந்தது. கேக் அக்கா உள்ளே ஓடி, கேக்குக்குப் பாகு தெளிக்கும் பெரிய பிளாஸ்டிக் பாட்டிலைக் கழுவி எடுத்து வந்தாள். அமுக்கினால் அமுங்கி, விட்டால் உப்பிக்கொள்ளும் மெத்தென்ற பாட்டில். அதை நன்றாக அமுக்கி, வாயைக் குழாய் முனையில் வைத்தாள்.

"அத்தை, இந்த ஈரத்துணியைச் சுத்தி ரெண்டு கையாலயும் இறுக்கிப் புடிங்க. காத்து நுழையக் கூடாது."

மாமியார் பிடித்தார். அவள் பாட்டிலை விட்டாள். பாட்டில் மெதுவாக உப்பியது, உள்ளே ஏதோ முனகியது. எடுத்து, அமுக்கி, மறுபடி வைத்தாள். இரண்டாவது இழுப்பில் கொஞ்சம் சேறு வந்தது. மூன்றாவதில் ஒன்றும் இல்லை. நாலாவதிலும் இல்லை. மணி பதினொன்றே முக்கால். அவள் பாட்டிலைக் கீழே வைக்கப் போனாள்.

"விட்டுடாத. வருது, எனக்குக் கையில தெரியுது," என்றார் மாமியார்.

ஐந்தாவது இழுப்பில் பாட்டில் துள்ளியது. ஒரு முழ நீளத்துக்குப் பழுப்பு நிறத்தில் ஒரு பாசிக் கயிறு வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. அதன் பின்னாலேயே, மூன்று மாதமாக அடைபட்டுக் கிடந்த கோபமெல்லாம் சேர்ந்தாற்போல், தண்ணீர் கொடகொடவென்று கொட்டியது. இரண்டு பேர் முகத்திலும் அடித்தது. மாமியார் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து, முகத்தைத் துடைக்காமல் சிரித்தார். அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு எட்டு வருஷத்தில், தன்னோடு சேர்ந்து மாமியார் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை.

"இன்னொரு தடவை இழு. உள்ள இருக்கும் பாரு இன்னும்," என்றார்.

இன்னும் கொஞ்சம் இருக்கத்தான் செய்தது. அதையும் இழுத்தார்கள். பிறகு கேக் அக்கா வெதுவெதுப்பான தண்ணீரில் வினிகரைக் கலந்து, முக்காலியில் ஏறி, தட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். மாமியார் கொல்லையில் நின்று குரல் கொடுத்தார்.

"கலங்கலா வருது. ஊத்து. இன்னும் ஊத்து. இப்பத் தெளிஞ்சுடுச்சு."

கடைசியாக ஒரு செம்பு நல்ல தண்ணீரை ஊற்றி ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். எட்டு எண்ணுவதற்குள் தட்டு காலி. வலைகளைக் கழுவி, உதறி, துடைத்து மாட்டினாள். சுவிட்சைத் தூக்கினாள். ஏசி ஒரு பெருமூச்சு விட்டுக் குளிரை ஊதத் தொடங்கியது. பதினைந்து நிமிஷம் இரண்டு பேரும் ஏசியின் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு சொட்டு இல்லை. கொல்லையில் மட்டும், குழாய் முனைக்குக் கீழே நகர்த்தி வைத்த வாளியில் தண்ணீர் டக்டக்கென்று விழுந்துகொண்டிருந்தது. அவள் குடையை மடக்கினாள். மாமியார் அதை வாங்கிக் கதவுக்குப் பின்னால் மாட்டினார்.

ஒரு மணிக்கு மாப்பிள்ளையும் நாத்தனாரும் வந்தார்கள். மாப்பிள்ளை செருப்பைக் கழற்றிய கையோடு கொல்லைக்குப் போனார். கேக் அக்கா கையில் பாதி ரோஜாவோடு பின்னாலேயே போய் நின்றாள். ஈரத் தரையில் செங்கல் ஒரு பக்கம், அறுந்த குழாய்த் துண்டு ஒரு பக்கம், நடுவில் அந்தப் பாசிக் கயிறு. மாப்பிள்ளையின் மூக்கு விடைத்தது.

"யார் இதை வெட்டினது?"

கேக் அக்கா வாயைத் திறந்தாள். அதற்குள் மாமியார் குரல் கேட்டது.

"நான்தான் வெட்டச் சொன்னேன், மாப்பிள்ளை."

நாத்தனார் அம்மாவைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். மாமியார் தலையைக் குனியவில்லை. மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தே சொல்லியிருந்தார், அதுவும் இந்த வீட்டில் இதுவரை நடக்காத ஒன்று.

"தப்பு என்னோடதும்தான் அண்ணே," என்றாள் கேக் அக்கா. வென்றவளுக்குக் கொஞ்சம் தாராளம் வரும். "சர்க்கரை என்னோடது. எறும்பு அதுக்குத்தான் வந்துச்சு. நீங்க எறும்பை நிறுத்தப் பாத்தீங்க, கூடவே தண்ணியும் நின்னுடுச்சு."

மாப்பிள்ளை வாளிப் பக்கத்தில் உட்கார்ந்தார். வாளி பாதி நிரம்பியிருந்தது. அதைத் தூக்கிக் குழாய் முனை மூழ்கும்படி பிடித்தார். டக்டக் சத்தம் நின்றது. இறக்கினார். விழுந்தது. தூக்கினார், இறக்கினார். மனிதர் லீவு விண்ணப்பம் பார்ப்பவரானாலும் கண்ணால் கண்டதை இல்லை என்று சொல்பவர் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தண்ணிக்கு மூச்சு விட இடம் வேணும். நான் எப்பவும் சொல்றதுதான் இது," என்றார்.

நாத்தனார் பொத்துக்கொண்டு சிரித்தாள். "எப்பவும் சொல்றாராம். அண்ணி, எங்க வீட்டு ஏசிக்கும் இதே மாதிரி முக்கி, செங்கல்லும் கட்டி வச்சிருக்காரு. ரெண்டு மாசமா கட்டில் மேல பேசின் வச்சுப் படுத்துட்டிருக்கேன். நாளைக்கு அந்தக் கத்தியை எடுத்துட்டு வாங்க."

மாப்பிள்ளை அவளை முறைத்தார். முறைப்பு பாதியிலேயே சரிந்து அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப எறும்புக்கு என்ன வழி?" என்று கேட்டார். கொஞ்சம் யோசித்து, அவரே வழியும் சொன்னார். குழாயைச் சுற்றியும் சுவர் ஓட்டையைச் சுற்றியும் வாஸ்லின் தடவினால் எறும்பு தாண்டாது. நல்ல யோசனைதான். கேக் அக்கா மனசார ஒப்புக்கொண்டாள், அவரையே தடவவும் விட்டாள்.

சாப்பாடு முடிந்தது. மாப்பிள்ளை வழக்கம்போல் கை துடைத்துக்கொண்டு அறைப்பக்கம் நடந்தார். மாப்பிள்ளை ரூமில் அப்போது முப்பத்தோராவது ரோஜா போய்க்கொண்டிருந்தது. கேக் அக்காவுக்கு விரல் நின்றுவிட்டது. கட்டிலைக் கேட்டால் என்ன சொல்வது? கேக்கை எங்கே தூக்கிக்கொண்டு போவது?

"மாப்பிள்ளை," என்று கூடத்திலிருந்து மாமியார் கூப்பிட்டார். "இங்க வாங்க. ஜன்னலோரமா மெத்தை போட்டிருக்கேன், ஃபேனுக்கு நேர் கீழ. அந்த ரூம் இனிமே உங்களுக்குச் சரிப்படாது. அது கேக் ரூம். சர்க்கரை பறக்கும், எறும்பு வரும்."

"எனக்கு வேர்க்குமே, அத்தை," என்றார் மாப்பிள்ளை, சின்னக் குரலில்.

"கொஞ்சம் வேர்த்தா உடம்புக்கு நல்லது."

கேக் அக்கா கிரீம் பையைக் கீழே வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. ஏசி சொட்டாத நாளில் அவள் சொட்டினால் கேக் என்ன ஆகும்? முகத்தைத் துடைத்துக்கொண்டு முப்பத்தோராவது ரோஜாவை முடித்தாள்.

நாலு மணிக்குப் பெண் வீட்டார் வண்டி வந்தது. மூன்று அடுக்கும் நாற்பது ரோஜாவும் ஓர் இதழ்கூட வாடாமல் வெளியே போயின. தெருவில் நின்று வேடிக்கை பார்த்தவர்களுக்கு வழிவிடச் சொல்லி, முன்னால் கையை வீசிக்கொண்டு நடந்தவர் மாமியார்தான். வண்டி முனை திரும்பும் வரை நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தார். இடுப்பில் இருந்த சாவிக்கொத்திலிருந்து அறையின் இரண்டாவது சாவியைக் கழற்றி, மருமகள் கையில் வைத்தார். அவள் தோற்றால் தருவதாகச் சொன்ன சாவிக்கு ஜோடி அது.

"மாசா மாசம் முதல் சனிக்கிழமை வினிகர் ஊத்திடணும். காலண்டர்ல குறிச்சு வச்சுட்டேன். நான் கீழ நின்னு பாத்துக்கறேன்," என்றார்.

திங்கட்கிழமை மெக்கானிக் சொன்னபடி வந்து சேர்ந்தார். ஏசியை அண்ணாந்து பார்த்தார், சொட்டைக் காணோம். கொல்லைக்குப் போனார். குட்டையாக, நேராக, டக்டக்கென்று சொட்டும் குழாயைப் பார்த்து, பழக்க தோஷத்தில் குனிந்து கையை நீட்டினார்.

கொல்லைக் கதவில் மாமியார் நின்றுகொண்டிருந்தார்.

"அதைத் தொடாதீங்க," என்றார். "அது எங்க மருமக வெட்டினது."